குடும்பம், ஜெபமாலை, அப்புறம்? இத்தாலியக் குடியேறிப் பெண்ணின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி

#1 – பழஞ்சுவடி

அமெரிக்காவுக்குப் போன இத்தாலியப் பெண்களின் இரங்கல் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அன்பான மனைவி, அம்மா, பாட்டி. குடும்பத்துக்காகவும் திருச்சபைக்காகவும் வாழ்ந்தவர். அடக்கம் இன்ன கல்லறையில். இரண்டு வரியில் எழுபது வருஷம் முடிந்துவிடும்.

1880 முதல் 1924 வரை ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் இறங்கினார்கள். ஐந்தில் நாலு பேர் தெற்குக்காரர்கள்: சிசிலி, கம்பானியா, கலாப்ரியா, பசிலிகாட்டா. முதலில் ஆண்கள் போய், பிறகு மனைவியை வரவழைப்பதுதான் பொது வழக்கம்.

1885 வாக்கில் தெற்கில் பிறந்து, 1905 வாக்கில் நியூயார்க்கில் இறங்கிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் வாழ்க்கையைக் கதையாகவோ வரலாறாகவோ எழுத எந்தக் காகிதத்தில் என்ன கிடைக்கும்? எங்கே வழுக்கும்? பக்தி என்றால் அவள் கையால் என்னென்ன செய்தாள்? பொதுவாகப் பேசாமல் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 – கப்பல்கணக்கு

கப்பல் பட்டியலிலிருந்து ஆரம்பிக்கணும்னு எல்லாரும் நினைப்பாங்க. அதுதான் முதல் கோளாறு. கடைசியிலிருந்து பின்னோக்கி வாங்க.

முதல்ல அமெரிக்க இறப்புச் சான்றிதழ். அதில் அப்பா பேர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பேர் இருக்கும். ஆனா தகவல் கொடுத்தவர் யார்னு பாருங்க. மருமகன் கொடுத்திருந்தா அம்மா பேர் பாதி நேரம் தப்பு. அடுத்து மக்கள்தொகைக் கணக்கு, 1910, 1920, 1930. மூணாவதா திருமணப் பதிவு. இதுக்கெல்லாம் அப்புறம்தான் கப்பல்.

இத்தாலியில கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்கு அரசு ஆவணத்தில் பிறந்த வீட்டுக் குடும்பப் பேர்தான். அதனால நேப்பிள்ஸில், பலெர்மோவில் எழுதின பட்டியலில் அவள் அப்பன் வீட்டுப் பேரில் இருப்பாள். கூட வர்ற பிள்ளைகள் புருஷன் பேரில் அடுத்தடுத்த வரியில் இருக்கும். புருஷன் பேரைப் போட்டுத் தேடி, "இவ கப்பல்லயே வரலையே"ன்னு கைவிட்டவங்க நிறைய. அம்மா கிடைக்கலைன்னா பிள்ளை பேரைப் போட்டுத் தேடி, ஒரு வரி மேலே பாருங்க.

#3 – சாம்பல்பூனை

நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் வாயில் நுழையாத பேரை எல்லாம் வெட்டி மாத்திட்டாங்களே, அப்ப பேரை வச்சு எப்படிப் பிடிப்பது?

#4 – கப்பல்கணக்கு

அது சினிமா சொன்னது. எல்லிஸ் தீவில் யாரும் பேர் எழுதலை. புறப்படுற துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதின பட்டியலை வச்சு ஒவ்வொருத்தரா டிக் போட்டாங்க. அங்கே இத்தாலி மொழி தெரிஞ்ச துபாஷிகளும் இருந்தாங்க. பேர் மாறினது பின்னால, பள்ளிக்கூடத்தில், முதலாளி கையில், அவங்களே விரும்பி. நம்ம கையில கிடைக்கிற பிழை வேற வகை: நூறு வருஷத்துக்கு முந்தின கையெழுத்தை இப்போ கணினிக்கு ஏத்தினவங்க படிச்ச பிழை. T-யை F-ன்னும், பெரிய S-ஐ L-ன்னும் படிச்சிருப்பாங்க.

பட்டியலில் பார்க்க வேண்டியது:

பக்கத்துக்கு 30 வரி. 1907-க்குப் பிறகு ஒரு ஆளுக்கு இரண்டு பக்கம். கணினியில் முதல் படத்தைப் பார்த்துட்டு மூடிடுவாங்க. யாரிடம் போறாள், எந்தத் தெரு, கையில் எத்தனை டாலர், உயரம், பிறந்த ஊர் எல்லாம் அடுத்த படத்தில் இருக்கும்.

இடது ஓரத்தில் பேருக்குப் பக்கத்தில் X இருந்தா அவளை உடனே விடலை, நிறுத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். தனியா வந்த பெண்ணை, புருஷனைத் தேடி வந்த பெண்ணை, ஆள் வந்து கூட்டிட்டுப் போகும் வரை விடமாட்டாங்க. அந்தக் கப்பலின் பட்டியல் முடியுற இடத்தில் நிறுத்தப்பட்டவர் பட்டியல்னு தனியா இருக்கும். காரணம்: 'கணவனிடம்'. யார் வந்து அழைச்சுப் போனாங்க, எத்தனை மணிக்கு, அதுவரை எத்தனை காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு சாப்பிட்டாங்கன்னு கூட எண்ணி எழுதியிருக்கும். அந்தச் சாப்பாட்டுச் செலவு கப்பல் கம்பெனி தலையில் விழும், அதான் அவ்வளவு கறார். மூணு காலை உணவு எழுதியிருந்தா புருஷன் மூணு நாள் கழிச்சு வந்திருக்கான். நாவல் எழுதறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

பேருக்கு மேலேயோ தொழில் கட்டத்திலேயோ வேற மையில் எண்கள் கிறுக்கியிருந்தா அது இறங்கின நாளில் எழுதினது இல்லை. ரொம்ப வருஷம் கழிச்சு குடியுரிமைக்கு மனு போட்டப்ப, வந்தது உண்மையான்னு சரிபார்த்த குமாஸ்தாவின் குறிப்பு. அந்த எண்ணைப் பிடிச்சா குடியுரிமைக் கோப்பு எந்தக் காலத்ததுன்னு தெரியும்.

#5 – நெசவுக்காரி

கணக்கெடுப்பில் ஒரு கட்டத்தைத் தவறவிடாதீர்கள். 1900, 1910 இரண்டு கணக்கெடுப்பிலும் பெண்களிடம் இரண்டு எண் கேட்டார்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு எத்தனை. 9, 5 என்று எழுதியிருந்தால் நாலு குழந்தைகளின் சாவு அந்த இரண்டு இலக்கத்துக்குள் இருக்கிறது. இரங்கல் குறிப்பில் ஐந்து பேர்தான் வருவார்கள்.

பெயர் வைக்கும் முறை இதோடு சேர்ந்தது. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மகள்களுக்கும் அதே வரிசையில் பாட்டிகளின் பெயர். குழந்தை இறந்தால் அடுத்து பிறப்பதற்கு அதே பெயரை வைப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே தாய்க்கு இரண்டு ரோசாலியா இருந்தால் எழுத்தர் இருமுறை எழுதிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். முதல் ரோசாலியாவின் இறப்புப் பதிவைத் தேடுங்கள், கிடைக்கும்.

இனி 'தொழில்' கட்டம். பெரும்பாலும் 'இல்லை' என்றே இருக்கும். இதை நம்பினால் வாழ்க்கையில் பாதி போய்விடும். நியூயார்க்கில் ஆயத்த உடைக் கடைகள் வெட்டித் தைத்த காற்சட்டைகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பும். இடுப்பின் உள்துணியைக் கையால் மடித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது, கால் மடிப்பு எல்லாம் இந்தப் பெண்கள் வேலை. மூட்டையைத் தலையில் சுமந்து நாலு மாடி ஏறுவார்கள். கூலி உருப்படிக்குச் சில சென்ட். நூல், விளக்கு எரிக்கும் எண்ணெய்ச் செலவு சில இடங்களில் அவர்கள் பாடு. காகிதப்பூ வேலை என்றால் கணக்கு க்ராஸில், அதாவது 144 பூவுக்கு இவ்வளவு. காம்பில் பசை தடவிச் செருகுவது பிள்ளைகள் வேலை, பள்ளி விட்டதும் மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1910-ஐ ஒட்டிய வருடங்களில் குழந்தைத் தொழில் ஒழிப்புக் குழுவுக்காக எடுத்த படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசம். படத்தோடு நிற்காமல் அடிக்குறிப்பைப் படியுங்கள். தெரு, கதவு எண், யார் என்ன செய்கிறார்கள், என்ன கூலி என்று அவரே எழுதியிருப்பார்.

வாடகைக்கு ஆள் வைப்பது இன்னொரு வருமானம். கணக்கெடுப்பில் குடும்பத்துக்குக் கீழே 'தங்கியிருப்பவர்' என்று நாலைந்து ஆண்கள் இருந்தால், அவர்களுக்குச் சமைத்து, சட்டை துவைத்து, படுக்கை மாற்றியது அந்தத் 'தொழில் இல்லாத' பெண்தான்.

#6 – பழஞ்சுவடி

அருமை. ஆனால் தொழிற்சாலைக்குப் போனவர்கள்?

#7 – நெசவுக்காரி

கல்யாணத்துக்கு முந்தின வயசுப் பெண்கள் அதிகம். 1911 மார்ச் 25 நியூயார்க் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலைத் தீ விபத்தில் இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகள். மறு வருஷம் ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநில லாரன்ஸ் நகர நெசவாலை வேலைநிறுத்தம். சட்டம் வார வேலையை 56 மணியிலிருந்து 54 ஆக்கியதும் முதலாளிகள் கூலியையும் அதே அளவு வெட்டினார்கள். அங்கே ஜனவரி 29 அன்று சுடப்பட்டு இறந்தவர் அன்னா லோபிட்ஸோ, இத்தாலியக் குடியேறி. வீடு, கோயில் தவிர வேறு உலகம் தெரியாதவள் என்ற சித்திரம் இந்த இடத்தில் உடைகிறது.

#8 – தூத்துக்குடி அந்தோணி

பக்திப் பக்கம் நான் சொல்றேன். நல்லா புரிய ஒரே ஒரு ஒப்பீடு: வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனுக்கு வைக்கிற கை, கால், கண் உருவங்கள் இருக்கே, அதேதான் நியூயார்க் ஈஸ்ட் ஹார்லெம் 115-ஆம் தெரு கார்மேல் மாதா கோயிலிலும். அங்கே மெழுகில் செஞ்சிருப்பாங்க. குழந்தைக்குக் கால் சரியானா மெழுகுக் கால். அல்லது ஆள் எடைக்கு எடை மெழுகுவர்த்தி. 50 கிலோ மெழுகை யாரும் ஒரு நாள்ல வாங்கலை, வருஷம் முழுக்கச் சேர்த்த காசு அது. ஜூலை 16 திருவிழாவில் வெயில் தகிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோட நடப்பாங்க.

இந்தத் திருவிழா 1880களின் ஆரம்பத்தில், சலெர்னோ மாவட்டத்துப் பொல்லா ஊர்க்காரங்க ஒரு வீட்டு முற்றத்தில் ஆரம்பிச்சது. கோயில் வந்தது 1884-ல். கோயில் கட்ட இத்தாலியர் கல்லும் மண்ணும் சுமந்தாங்க. ஆனா திருப்பலி அவங்களுக்கு அடித்தளத்தில்தான். மேல் கோயில் ஐரிஷ், ஜெர்மன் பங்குமக்களுக்கு. மாதா சொரூபம் மேலே ஏறினது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். நடுவில் 1904-ல் பாப்பரசர் அனுமதியோட மாதாவுக்கு முடிசூட்டு விழா நடந்தும் நிலைமை அதுதான். அமெரிக்கத் திருச்சபையில் அப்போ ஐரிஷ் ஆயர்கள் கை ஓங்கியிருந்தது. இத்தாலியர் காணிக்கை போடலை, ஆண்கள் பூசைக்கு வரலை, ஊர்வலமே மதம்னு நினைக்கிறாங்கன்னு அவங்க பக்கம் குறை. அதனால "பக்தியான பெண்"னு எழுதும்போது எந்தக் கோயில், எந்தத் தளம்னு கேட்டுப் பாருங்க.

#9 – சாம்பல்பூனை

சிசிலிக்காரங்க சூசையப்பர் மேசை வைப்பாங்களாமே?

#10 – தூத்துக்குடி அந்தோணி

ஆமா, மார்ச் 19. நியூ ஆர்லியன்ஸில் இன்னைக்கும் பெரிசு, ஏன்னா பலெர்மோவிலிருந்து அங்கே நேரடிக் கப்பல் ஓடுச்சு. இது முழுக்கப் பெண்கள் நடத்துற காரியம். நோயோ கடல் பயணமோ நல்லபடியா முடிஞ்சா மேசை வைக்கிறேன்னு நேர்ந்துக்குவாங்க.

மூணு படி அடுக்கு, திரித்துவத்துக்காக. மேல் படியில் சூசையப்பர் சொரூபம், லில்லிப் பூ. கீழே ரொட்டி: சிலுவை, ஊன்றுகோல், ஏணி, ரம்பம், சுத்தியல் வடிவத்தில். தவக்காலம்கிறதால இறைச்சி கிடையாது. மீன், காய்கறி, அத்திப்பழம் வச்ச பலகாரம். உலர்ந்த ஃபாவா மொச்சை ஒரு கிண்ணத்தில் இருக்கும், வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் பணப்பையில் வச்சுக்குவாங்க. பொருளை வீடு வீடாக் கேட்டு வாங்குறதும் நேர்த்தியின் பகுதி. கைக்காசு இருக்கிறவங்களும் கேட்டுத்தான் வாங்கணும்.

பாஸ்தாவுக்கு மேலே பாலாடைக்கட்டி தூவ மாட்டாங்க, வறுத்த ரொட்டித்தூள்தான். தச்சர் பட்டறை மரத்தூள்னு அதுக்குக் கணக்கு. செய்முறை: பழைய ரொட்டியை நல்லாக் காயவச்சுப் பொடிச்சது 2 கப், ஆலிவ் எண்ணெய் 2 மேஜைக்கரண்டி, சர்க்கரை 1 மேஜைக்கரண்டி. அடி கனமான வாணலி, சிறு தீ, கை எடுக்காமக் கிளறணும். சர்க்கரையைக் கடைசியில போடணும். முதல்லயே போட்டா ரொட்டி சிவக்கிறதுக்குள்ள சர்க்கரை கருகிக் கசக்கும். நிறம் மாற ஆரம்பிச்சதும் வேற தட்டில் கொட்டிடணும், வாணலிச் சூட்டிலேயே கருகும். ஈர ரொட்டியில செஞ்சா கட்டி கட்டியா நிக்கும், தூவ முடியாது.

சாப்பாட்டுக்கு முன்னாடி மரியா, சூசையப்பர், குழந்தை இயேசு வேஷத்தில் ஏழைப் பிள்ளைங்க மூணு கதவைத் தட்டுவாங்க. முதல் இரண்டில் இடமில்லைன்னு சொல்லுவாங்க, மூணாவதில் திறப்பாங்க. அந்தப் பிள்ளைங்க ஒவ்வொண்ணையும் ருசி பார்த்த பிறகுதான் மத்தவங்க கை வைக்கலாம்.

#11 – மெல்லினம்

கோயிலுக்கு வெளியே இருக்கிறதையும் சேர்க்கணும். கண்ணேறு கழிப்பது. சூப் தட்டில் தண்ணீர், தலைவலிக்காரர் தலைக்கு நேரே பிடித்து, விரல் நுனியால் மூணு சொட்டு ஆலிவ் எண்ணெய். சொட்டு சொட்டாக நின்றால் ஒன்றுமில்லை. பரவி ஒன்றாகிவிட்டால் கண் பட்டிருக்கிறது (ஊருக்கு ஊர் இதை வேறு மாதிரியும் படிப்பார்கள்). பிறகு சிலுவை அடையாளம், முணுமுணுப்பில் ஜெபம், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி. அந்த ஜெபத்தைக் கிறிஸ்துமஸ் முந்தின இரவில் மட்டும்தான் அடுத்தவருக்குச் சொல்லித் தரலாம், பெரும்பாலும் பெண்ணுக்குப் பெண். சாமியார்களுக்குப் பிடிக்காது. அவளுக்கோ இதற்கும் ஜெபமாலைக்கும் முரண்பாடே தெரியாது. எழுதுபவர்கள் 'மூடநம்பிக்கை' என்று தனிப் பெட்டியில் போட்டால் ஆள் புரியாமல் போவாள்.

#12 – கடிதக்கட்டு

ஏன் எல்லாரும் ஏழைப் பெண்களையே பேசுறீங்க? பிரான்சிஸ் கப்ரீனி அன்னை இருக்காங்களே. இத்தாலியக் குடியேறிப் பெண்ணும் விசுவாசமும்னா அவங்கதானே முதல் பேர்.

#13 – பழஞ்சுவடி

முக்கியமானவர்தான், ஆனால் மாதிரியாக எடுக்க முடியாதவர். லொம்பார்டியாக்காரர், வடக்கு, துறவி, 1880-ல் சொந்தச் சபை நிறுவியவர். 1889 மார்ச் 31 அன்று ஆறு சகோதரிகளோடு நியூயார்க் வந்து இறங்கியதும் பேராயர் கோரிகன், ஏற்பாடு எதுவும் ஆகவில்லை, திரும்பிப் போங்கள் என்றார். போகவில்லை. 1909-ல் சியாட்டிலில் குடியுரிமை, 1917 டிசம்பர் 22 சிகாகோவில் மரணம், 1946-ல் புனிதர் பட்டம். 67 நிறுவனங்கள். நம் தேடலுக்கு அவரால் நேரடிப் பயன் ஒன்று உண்டு: அவர் சபை நடத்திய அநாதை இல்லங்கள், மருத்துவமனைகளின் பதிவுகள். தாய் காசநோயில் படுத்தால் பிள்ளைகளைக் கொஞ்ச காலம் இல்லத்தில் விட்டு, பிறகு திருப்பிக் கூட்டிவருவது அன்றைக்கு வழக்கம். கணக்கெடுப்பில் காணாமல் போன பிள்ளை அங்கே பதிவாகியிருக்கலாம்.

#14 – மெல்லினம்

பங்குப் பதிவேட்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 'நே தேமேரே' என்ற கத்தோலிக்கத் திருமண ஆணை 1908 ஈஸ்டரிலிருந்து அமல். அதன்படி ஒருவருக்குக் கல்யாணம் ஆனால், ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஓரத்தில் குறிக்க வேண்டும். ப்ரூக்ளினில் நடந்த கல்யாணம் கலாப்ரிய மலைக்கிராமத்துப் புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் வாய்ப்பு அதனால் வந்தது. மறுதிசையிலும் வேலை செய்யும்: அமெரிக்கத் திருமணப் பதிவில் ஞானஸ்நானப் பங்கின் பெயர் இருக்கும். கணக்கெடுப்பில் வெறும் 'இத்தாலி', கப்பலில் மாவட்டத் தலைநகர், இங்கேதான் சரியான ஊர் கிடைக்கும்.

ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கொமாரே, கொம்பாரே உறவு ரத்த உறவுக்குச் சமம். கடன், வேலை, வரன் எல்லாம் அந்த வழியில்தான். ஐந்து குழந்தைக்கும் ஒரே ஊர்க்காரர் ஞானப்பெற்றோர் என்றால், அந்தத் தெருவில் அவளுக்கு யார் துணை என்பது தெரிந்துவிடும்.

#15 – கப்பல்கணக்கு

குடியுரிமை விஷயத்தில் எல்லாரும் இடறுற இடம்: 1922 செப்டம்பர் 22-க்கு முந்தி மனைவிக்குத் தனிக் கோப்பு அநேகமா கிடையாது. புருஷன் குடிமகன் ஆனா அவளும் தானா ஆயிடுவா. அவன் ஆகலைன்னா அவளாலும் ஆக முடியாது. இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு: 1907 சட்டப்படி, அமெரிக்காவிலேயே பிறந்த மகள் இத்தாலிக் குடிமகனைக் கட்டினா தன் அமெரிக்கக் குடியுரிமையை இழந்தாள். கேபிள் சட்டம் 1922-ல் வந்த பிறகுதான் மனைவி தனியா மனு போடணும், போடலாம். புருஷன் குடிமகனா இருந்தா அஞ்சு வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷம் குடியிருந்தாப் போதும்.

தனியா மனு போடணும்னதும் நிறையப் பேர் போடாமலே விட்டாங்க. ஆங்கிலம் பேசணும், கேள்விக்குப் பதில் சொல்லணும். பள்ளிக்கூடமே பார்க்காத பெண். அதன் விளைவு 1940-ல் தெரிஞ்சது. 14 வயசுக்கு மேல குடிமகன் அல்லாத எல்லாரும் பதிவு செய்து கைரேகை கொடுக்கணும். 1941 டிசம்பரில் போர் வந்ததும் சுமார் 6 லட்சம் இத்தாலியர் 'எதிரி நாட்டார்' ஆனாங்க, ராணுவத்தில் மகன்களை வச்சிருந்த கிழவிகளும் இதில் அடக்கம். சிற்றலை ரேடியோ, கேமரா வச்சுக்கக் கூடாது, ஊர்விட்டு ஊர் போக அனுமதி வேணும். கலிபோர்னியக் கடலோரத்தில் வீட்டையே காலி பண்ண வச்சாங்க. 1942 அக்டோபர் 12-ல்தான் அந்த முத்திரை நீங்குச்சு.

எழுதறவங்களுக்கு இந்தப் பதிவு தங்கம். 1940 படிவத்தில் அவள் வந்த கப்பல், தேதி, உயரம், வேலை, எந்தச் சங்கத்தில் உறுப்பினர்னு எல்லாம் அவள் வாயாலேயே சொன்னது இருக்கும். சங்கம்ங்கிற கட்டத்தில் அநேகமா ஒரு மாதா சபை பேர் வரும்.

#16 – சாம்பல்பூனை

1917-ல் எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குத் தடை போட்டாங்களே? பள்ளிக்கூடம் பார்க்காதவங்க அப்புறம் எப்படி வந்தாங்க?

#17 – கப்பல்கணக்கு

16 வயசுக்கு மேல படிக்கத் தெரியணும்னு சட்டம். ஆனா ஏற்கெனவே உள்ளே இருக்கிறவரின் மனைவி, அம்மா, பாட்டி, கல்யாணமாகாத அல்லது கைம்பெண்ணான மகளுக்கு விலக்கு. கதவை உண்மையில் சாத்தினது ஒதுக்கீடு: இத்தாலிக்கு 1921-ல் வருஷம் 42,057 பேர், 1924-ல் வெறும் 3,845. ஒப்பிட்டுப் பார்க்க, 1907 ஒரே வருஷத்தில் 2 லட்சத்து 85 ஆயிரத்துக்கு மேல வந்திருந்தாங்க. 1924-க்குப் பிறகு புருஷன் முதல்ல குடிமகன் ஆனாத்தான் மனைவிக்கு ஒதுக்கீட்டுக்கு வெளியே வழி. அந்த வருஷங்களில் ஆண்கள் மளமளன்னு மனு போட்டதுக்கு அது ஒரு காரணம்.

#18 – கடிதக்கட்டு

கடைசியா ஒண்ணு கேட்கிறேன். இத்தாலியில் உள்ள பதிவுக்கு நேரில் போகணுமா?

#19 – மெல்லினம்

பெரும்பாலும் வேண்டாம். அரசின் 'அந்தெனாத்தி' தளத்தில் மாவட்ட ஆவணக் காப்பகங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் புத்தகங்கள் படமாக இருக்கின்றன, இலவசம். பழைய நேப்பிள்ஸ் அரசின் பகுதிகளில் 1809 முதல், சிசிலியில் 1820 முதல் பதிவு உண்டு. இத்தாலி ஒன்றானபின் பெரும்பாலான பகுதிகளுக்கு 1866 முதல்.

பெயர்த் தேடல் பெட்டியில் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, எல்லா ஊருக்கும் பெயர்ப்பட்டி ஏற்றப்படவில்லை. ஊரைத் தேர்ந்து, வருஷத்தைத் தேர்ந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அகரவரிசை அட்டவணை அங்கே இருக்கும், சில ஊரில் குடும்பப் பெயர் வரிசை, சில ஊரில் முதற்பெயர் வரிசை. எண்ணைக் குறித்துக்கொண்டு முன்னால் புரட்டுங்கள். வயது எப்போதும் இரண்டு மூன்று வருஷம் முன்பின் ஆகும். 1885 என்றால் 1882 முதல் 1888 வரை எல்லாப் புத்தகத்தையும் பாருங்கள். டிசம்பர் கடைசியில் பிறந்ததை ஜனவரியில் பதிந்திருக்கலாம்.

திருமணப் பதிவு கிடைத்தால் அதோடு இணைத்த தாள்களையும் திறங்கள், பெரும்பாலும் தனிப் புத்தகம். மணமக்களின் பிறப்புப் பதிவு நகல், இறந்த பெற்றோரின் இறப்புப் பதிவு நகல், அப்பா இல்லை என்றால் தாத்தாவின் இறப்புப் பதிவு நகல்கூட இருக்கும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை.

#20 – பழஞ்சுவடி

நெசவுக்காரி, அந்தோணி, மற்ற நண்பர்கள் எல்லாருக்கும் நன்றி. இழை திறந்தே இருக்கட்டும். இத்தாலியக் குடியுரிமை கேட்க இதெல்லாம் உதவுமா என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். 2025-ல் வந்த 74-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறைக்கு மேல் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. பெண் வழி என்றால் 1948 ஜனவரி 1-க்கு முன் பிறந்த பிள்ளைக்கு அம்மா வழியில் குடியுரிமை போகாது என்ற பழைய சிக்கல் வேறு. அது வழக்கறிஞர் சமாச்சாரம், தனி இழை போடுங்கள்.